முழங்காலுக்கு மேலே

ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் படம் அச்சடித்த ஆளுயரத் துணிப் பனரைக் கட்டித் தொங்கவிட்டதும், அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். மேலிருந்து கீழே மெதுவாகப் பார்த்தார்.

"றொகான், என்ர கால் எங்க?"

அண்ணா பலூனுக்குக் காற்றடிப்பதை நிறுத்தவில்லை.

அம்மாவுக்கு அன்று எண்பதாவது பிறந்தநாள். எங்களிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுசி, இந்த முறை ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். மண்டபத்தில் வைக்கிற படம் 1968இல் கொழும்பில் எடுத்ததாக இருக்க வேண்டும். அப்போது அவர் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்துத் தானே வெட்டித் தைத்த சட்டை, முழங்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். உயரத் தூக்கிக் கட்டிய கொண்டை, காதுப்பக்கம் இழுத்துவிட்ட கண்மை. கடை விளம்பரத்துக்கென்று ஒரு படப்பிடிப்பாளர் காலிமுகத்திடல் கடற்கரையில் வலது குதிக்காலை உயர்த்தி நிற்கவைத்து எடுத்தார். படம் பேப்பரில் வந்த கிழமையே அம்மாவின் அப்பா மன்னாரிலிருந்து ரயிலேறி வந்து, கைக்குக் கிடைத்த பேப்பரையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு மகளைக் கையோடு கூட்டிப் போனார். அடுத்த வருடம் கலியாணம். பிறகு ஒருவரும் அவரை அப்படிப் படம் எடுக்கவில்லை. ஒரு பிரதியை மட்டும் அம்மா ஒளித்து வைத்திருந்தார். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

பனர் அண்ணாவின் பொறுப்பு. அறுபதை நெருங்குகிற மனிதர், மாதாகோயில் சனம் என்றால் இன்னும் பயம். அச்சடிப்பவரிடம் சொல்லிச் சட்டையைக் கணுக்கால்வரை நீட்டிவிட்டிருந்தார். கம்ப்யூட்டர் வேலை சுத்தம்தான். அம்மா நீள அங்கி போட்டு முதல்நன்மை வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றார்.

"சுவாமியார் வாறார் அம்மா. எங்கட சனம் ஒரு மாதிரிக் கதைக்கும்."

"எண்பது வயசில ஆரடா என்ர முழங்காலைப் பாக்கப் போறான்?" அம்மாவின் குரல் உயரவில்லை. "என்ர அப்பு அண்டைக்குக் கிழிச்சவர். நீ தைச்சு மூடிப்போட்டாய்."

எனக்கு அண்ணாவை அறைய வேண்டும்போல் இருந்தது. வேறு பனர் அடிக்கவும் நேரமில்லை, ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள்.

அம்மா மேசையிலிருந்து ரிபன் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தார். படத்தில் முழங்கால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு சாண் மேலே அளந்து, நேராக வெட்டினார். கீழ்த்துண்டு தரையில் விழுந்தது.

அம்மா பனருக்குப் பின்னால் போய் நின்று சேலையைச் சுருட்டி உயர்த்திப் பிடித்தார். மேலே கண்மை தீட்டிய இருபத்திரண்டு வயது. கீழே நரம்பு புடைத்த, வீங்கிய இரண்டு கால்கள். ஒரு முழங்காலில் ஒப்பரேஷன் தழும்பு நீளமாக இறங்கியது.

"பிறின்சி, எடு பிள்ளை," என்றார் உள்ளேயிருந்து.

போனைத் தூக்கினேன். வாசல் கதவு திறந்தது.

"அம்மா, சுவாமியார்," என்றார் அண்ணா, மெதுவாக.

சேலை இறங்கவில்லை. வலது குதிக்கால் மட்டும் தரையிலிருந்து மெல்ல உயர்ந்து, அப்படியே நின்றது.