கொடி கட்டிய பெட்டி

தண்டவாள வேலைக்காரர்கள் தங்கிய பழைய ரயில் பெட்டியை எஸ்டேட் நிர்வாகம் ஏலத்தில் எடுத்து, கொட்டச்சேட்டுத் தோட்டத்தில் இறக்கி, வேலைக்காரன் ஷெர்வினுக்கும் அவன் மனைவி ஆஷ்லினுக்கும் வீடாகக் கொடுத்திருந்தது. ஆஷ்லினைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெட்டியை எஸ்டேட்டின் புது ரிசார்ட்டுக்குக் கொண்டுபோக மேனேஜர் கிரேனோடு வந்துவிட்டார்.

கிரேன்காரர் சித்தன் வாசல் கைப்பிடியில் சிவப்புக் கொடியைப் பார்த்ததும் நின்றார். “உள்ள ஆள் இருக்கு, பெட்டிய நகத்தாதேன்னு சொல்லத்தானுங்க ரயில்ல இதைக் கட்டுவாங்க. யாரு கட்டுனது?”

“என் சம்சாரம். தண்டவாளம் பாக்குற கேங்மேன் மக. குடிவந்த அன்னிக்கே கட்டுனா,” என்றான் ஷெர்வின்.

“துணிதானேய்யா, அவுத்துப் போடு!” என்றார் மேனேஜர்.

“ரயில்வே யார்டுல இருவது வருசம் இருந்தவனுங்க நான். கட்டுனவங்கதான் அவுக்கோணும்.”

“கல்லறைத் தோட்டத்துல இருக்கா. போய்க் கூட்டிட்டு வாங்க,” என்றான் ஷெர்வின்.

“நாளைக்கு வேற கிரேன் வரும்டா!”

“வரட்டுங்க. உள்ள ஆள் இருக்கு.”

சொல்லிவிட்டு ஷெர்வின் உள்ளே போய், அவள் போனதிலிருந்து எரியாத அடுப்பை மூட்டினான்.