நகர்ந்துகொண்டிருந்த புள்ளி

பெரம்பலூர் பைபாஸில் அப்துல் ஹாதியின் லாரி ஆபீஸ் இருந்தது. அங்கே கம்ப்யூட்டரில் வண்டிகளைக் கண்காணிப்பதுதான் நஜீமாவின் வேலை. துறைமுக ஏஜென்ட் வற்புறுத்தியதால், அந்த 2006ஆம் ஆண்டு எல்லா கன்டெய்னர் லாரிகளிலும் ஜி.பி.எஸ். பெட்டி பொருத்தியிருந்தார்கள். வண்டி போகும் இடமெல்லாம் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி நகரும்.

அன்று குன்னத்திலிருந்து பஞ்சுப் பேல்களை ஏற்றிக்கொண்டு டிரைவர் அய்யாக்கண்ணு தூத்துக்குடிக்குக் கிளம்பியிருந்தார். மதியம் அரியலூரிலிருந்து அவர் மனைவி சாந்தா போன் செய்தாள்.

"அவரு செல்லு அடிக்கவே மாட்டேங்குதும்மா. சாப்பிட நிறுத்துனா பேசுவாரு. இன்னிக்கு பேசல."

நஜீமா திரையைப் பார்த்தாள். "சமயபுரம் தாண்டி போயிட்டு இருக்காருக்கா. சார்ஜ் தீந்திருக்கும். பயப்படாதீங்க."

சாந்தா மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் அதே பதில்.

சிறிது நேரத்தில் புள்ளி திருச்சிக்குள் நுழைந்து மத்தியப் பேருந்து நிலையத்தில் போய் நின்றது. அவ்வளவு நீள வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் எப்படிப் போகும்?

"மொதலாளி, பெட்டிதான் போயிருக்கு. வண்டி போகல!"

ஹாதி எழுந்து ஓடிவந்தார். புள்ளி வந்த வழியை நஜீமா திரையில் பின்னோக்கிப் பார்த்தாள். சிறுவாச்சூர் தாண்டி ஓரிடத்தில் புள்ளி வெகுநேரம் நின்றிருந்தது. போலீசுக்குச் சொல்லிவிட்டு ஹாதி ஜீப்பை எடுத்தார். நஜீமாவும் ஏறிக்கொண்டாள்.

தைலமரத் தோப்புக்குள் லாரி நின்றது. கன்டெய்னர் காலி. கேபினில் கைகள் கட்டப்பட்டு, காதிலிருந்து ரத்தம் வழிய அய்யாக்கண்ணு கிடந்தார். மூச்சு மட்டும் இருந்தது. வழிமறித்தவர்கள் பெட்டியை அதன் பேட்டரியோடு கழற்றி ஏதோ ஒரு திருச்சி பஸ்ஸின் சீட்டுக்கடியில் போட்டு அனுப்பிவிட்டு, நிதானமாகப் பஞ்சை வேறு லாரிக்கு மாற்றியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சாந்தா நஜீமாவைக் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீதானா போன்ல பேசுன பொண்ணு? போயிட்டு இருக்காருன்னு சொன்னியே."

"மெஷின் காட்டுனதத்தானம்மா இந்தப் பொண்ணு சொல்லுச்சு," என்றார் ஹாதி.

"மெஷின் எங்க போவுதுன்னா நான் கேட்டேன்? எங்க வூட்டுக்காரரத்தான கேட்டேன்."

முதல் போன் வந்தபோதே தேடியிருக்கலாமே என்று நினைத்தாள் நஜீமா.

அய்யாக்கண்ணு பிழைத்தார். வலது காது கேட்காமல் போய்விட்டது. அதன்பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பஞ்சு கிடைக்கவில்லை. ஹாதி வண்டிக்கு இரண்டு பெட்டி வைத்தார், ஒன்றை யாருக்கும் தெரியாத இடத்தில்.

நஜீமா வேலையை விடவில்லை. ஆனால் எந்த டிரைவரின் வீட்டிலிருந்து போன் வந்தாலும், "இருங்க, அவருகிட்டயே பேசிட்டுச் சொல்றேன்" என்பாள். டிரைவர் போனை எடுக்கும்வரை விடாமல் அடித்துக்கொண்டே இருப்பாள். சாந்தாவிடம் மன்னிப்புக் கேட்க இருமுறை அரியலூர் போனாள். இருமுறையும் கதவு திறக்கவில்லை.