கிளாரினெட் இல்லாத இசைத்தட்டு

1967இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஃபோர்மேன் ஒருவர், தன் ரிக்கார்டு பிளேயரையும் ஓர் இசைத்தட்டையும் சாம்ராஜுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சாம்ராஜ் ஊரிகத்தில் தங்கச் சுரங்க ஒர்க்‌ஷாப் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிப்பவன்.

தட்டில் பியானோ, தொம்தொம்மென்று பேஸ், டிரம் மூன்றும் ஜாஸ் வாசித்தன. முன்னால் நின்று கிளாரினெட் வாசிக்க வேண்டிய ஆள் மட்டும் இல்லை; கூடச் சேர்ந்து வாசித்துப் பழகவென்றே செய்த தட்டு. "அந்த இடம் உனக்கு. மனசுல வர்றதை வாசி" என்று சொல்லியிருந்தார் ஃபோர்மேன்.

"பாதிக் கச்சேரியைக் குடுத்து உங்களை ஏமாத்திட்டாரு" என்றாள் அவன் மனைவி மரியகுழந்தை.

சாம்ராஜ் சிரிக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும், குளித்துவிட்டுத் தினமும் அதோடு சேர்ந்து வாசித்தான். தொழிலாளர் லைனில் வரிசையாக ஒட்டிய வீடுகள்; இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர் கூரையைத் தொடாது. அதனால் பக்கத்து வீட்டுச் சரோஜம்மாவும் மாவரைத்துக்கொண்டே தினமும் கேட்டாள்.

நான்கு மாதம் ஆயிற்று. ஒருநாள் காபியை வைத்துவிட்டு மரியகுழந்தை கேட்டாள்: "மனசுல வர்றதைத்தானே வாசிக்கச் சொன்னாரு? நேத்தும் இதான், முந்தாநேத்தும் இதான். உங்க மனசுல வேற இன்னாதான் கீது?"

அவனுக்குச் சுருக்கென்றது. உண்மைதான்; முதல் வாரம் அமைந்த மெட்டையே மனப்பாடம் செய்து வைத்திருந்தான். ஊசியைத் திரும்பவும் தட்டின் தொடக்கத்தில் வைத்தான். அந்த மெட்டை விட்டு வேறு பக்கம் போனான். எட்டாவது நொடியில் தாளம் தவறியது. வாயில் கிளாரினெட்டோடு விழித்தான்.

"தம்பி, அவசரப்படாதீங்க!" சுவருக்கு அப்பாலிருந்து சரோஜம்மாவின் குரல். "அந்தத் தொம்தொம் கீழ எறங்கி வரும். இருங்க... இருங்க... இப்போ!"

யோசிக்க நேரமில்லை. ஊதினான். இரண்டு இடத்தில் சுரம் பிசிறியது. ஆனாலும் பியானோ கேட்டதற்கெல்லாம் கிளாரினெட் ஏதோ பதில் சொன்னது. விரல்கள் அவனைக் கேட்காமலே ஓடின. தட்டு முடிந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

மரியகுழந்தை கதவருகே நின்றிருந்தாள். "நல்லா இருந்திச்சிங்க. இன்னொரு வாட்டி அதையே வாசிங்க."

"இன்னா வாசிச்சேன்னே தெரியலியே!"

"இத்தினி நாளா மனப்பாடம் பண்ணவருக்கு இது மட்டும் மறந்துபூடுச்சா?"

சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜம்மா சத்தமாகச் சிரித்தாள். சாம்ராஜும் சிரித்துவிட்டான். ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மறுபடி ஊசியை எடுத்து வைத்தான். இந்தமுறை நான்காவது நொடியிலேயே தவறினான்.