தலைகீழ் அம்புக்குறி

மண்கட்டியை அறுப்பதுதான் என் தொழில். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆதிமனிதர்கள் தங்கிய குகையிலிருந்து செங்கல் அளவில் மண்ணை அப்படியே பெயர்த்து வருவார்கள். நான் அதில் பசை ஊற்றி, கல்லாக இறுகவைத்து, மெல்லிய சீவலாக அறுத்துக் கண்ணாடியில் ஒட்டித் தருவேன். நுண்ணோக்கியில் அதைப் பார்த்து, பத்தாயிரம் வருடத்துக்கு முன் மழை பெய்ததா பொய்த்ததா என்று சொல்பவள் என் மனைவியின் தங்கை.

மழை பொய்த்துத்தான் அந்தக் குகையைக் கைவிட்டார்கள் என்பது அவளுடைய இரண்டு வருட உழைப்பில் வந்த முடிவு. அன்று பதினொரு மணிக்குத் தேர்வுக் குழு முன் அதைச் சொன்னால் நிரந்தர வேலை. ஒன்பதரைக்கு என் அறைக்குள் வந்தாள், முகம் வெளுத்து.

"மாமா, வெள்ளம் வந்தா எது முதல்ல அடியில தங்கும்?"

"பெருமணல். அது மேல வண்டல். இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் படிச்ச?"

"இந்தக் கட்டியில எல்லா அடுக்கிலயும் வண்டல் கீழ இருக்கு. மணல் மேல இருக்கு."

அப்படியென்றால் கட்டியே தலைகீழாக இருந்திருக்கிறது. கட்டியைச் சுற்றிய காகிதத்தில் மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். காகிதத்தைப் பிரித்ததும் அதைக் கட்டியின்மேல் வரைந்துவிட வேண்டும். யாரோடோ அரட்டையடித்துக்கொண்டே தலைகீழாக வரைந்து தொலைத்திருக்கிறேன்.

"இன்னைக்கு வாயத் திறக்காத. வேலை கைக்கு வரட்டும், அப்புறம் திருத்திக்கலாம்," என்றேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் சொன்னேன்.

அவள் காதில் அது விழவே இல்லை. "அப்போ வறட்சிதான் முதல்ல, மழை அப்புறம்! தண்ணி இல்லாம போகல மாமா, தண்ணி உள்ள புகுந்துதான் போயிருக்காங்க!" கண்ணில் நீர் முட்ட, வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு வருட உழைப்பு கவிழ்ந்த நேரத்தில் இப்படிச் சிரிக்க ஒரு மனசு வேண்டும். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

படங்களைத் திரையில் காட்ட நானும் குழுவின் அறையில் இருந்தேன். "என் முடிவு தப்பு" என்றுதான் ஆரம்பித்தாள். கட்டியில் அம்புக்குறி தலைகீழாக இருந்ததையும் சொன்னாள்.

"யாரோட கவனக்குறைவு?" என்று கேட்டார் தலைவர்.

"என்னோடதுதான் சார். சரிபார்க்காம எழுதிட்டேன்." என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அடுத்த படத்தைத் திரைக்கு மாற்றினேன்.

வேலை வேறொருவருக்குப் போனது. மாலையில் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னவளை என் மனைவி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "ஒரு அம்புக்குறி ஒழுங்காப் போடத் தெரியாதாடி உனக்கு?"

"அவசரத்துல விட்டுட்டேன்க்கா."

சொந்த அக்காவிடம்கூட அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"அதை வரைஞ்சது நான்," என்றேன். பதினொரு மணிக்கு வந்திருக்க வேண்டிய வார்த்தை, ஆறு மணிக்கு வந்தது.