பாலத்துக்குக் கேட்ட சேவல்

மூன்று பேரும் படியேறாமல் வாசலிலேயே நின்றதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கேட்கக் கூடாததைக் கேட்க வருகிறவர்கள்தான் அப்படி நிற்பார்கள். ஊர்த்தலைவர் எலியாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பின்னால் மேஸ்திரி நெஸ்தோரும், டாக்ளோபான் நகரத்திலிருந்து வந்த இளம் இஞ்சினியரும். எலியாஸ் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அன்றைக்கு என்னை 'மானா', அக்கா, என்றார். காரியம் ஆகவேண்டுமே.

"மானா லூசிங், நாளைக்குப் புதுப் பாலத்துத் தூணுக்குக் கான்கிரீட் போடுறோம்."

"போடுங்க. நானா தடுக்குறேன்?"

"ரத்தம் காட்டாம வேலை செய்ய மாட்டோம்னு ஆளுங்க உக்காந்துட்டாங்க."

எங்கள் ஊரில் தூண் குழியில் வெள்ளைச் சேவலின் ரத்தம் விழாமல் யாரும் ஒரு சட்டி சிமெண்ட்கூடக் கொட்ட மாட்டார்கள். கொட்டினால் அந்த ஆறே ஒரு ஆளைப் பலி கேட்கும். பழைய பாலத்துக்கு அவசரத்தில் அதைச் செய்யாமல் விட்டார்கள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். புயலில் அந்தப் பாலத்தோடு போனவர் என் வீட்டுக்காரர் செவெரோ. ஒரு மாதம் ஊரே சோறு கொண்டுவந்தது. பிறகு அவரவர் கூரை அவரவருக்கு. குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருஷமாக இந்த வீட்டில் என் பேச்சுக்குப் பதில் குரல் கொடுப்பது என் சேவல் ஒன்றுதான். மேலெல்லாம் வெள்ளை என்பதால் பாதிரியார் என்று பேர் வைத்திருந்தேன். பிரசங்கமும் கொஞ்சம் அதிகம்தான்.

"சந்தையில நான் ஒண்ணு வாங்கித் தரேனே," என்றான் இஞ்சினியர்.

"சந்தைக் கோழிய ஆறு ஏத்துக்காது சார். இந்த ஊரு அரிசி தின்னதா இருக்கணும்," என்றார் நெஸ்தோர்.

ஊரில் மிச்சமெல்லாம் சிவப்புச் சண்டைச் சேவல்கள். எலியாஸ் தரையைப் பார்த்தபடி, "புள்ளைங்க இன்னும் கயித்தப் புடிச்சுத்தான் ஆத்தத் தாண்டுதுங்க," என்றார்.

"எனக்குத் தெரியாதா? கயிறு கட்டியிருக்கறதே என் வீட்டு மரத்துலதான்."

மறுநாள் காலையில் நானே தூக்கிக்கொண்டு போனேன். வேறு கைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. கத்தி இறங்கும்வரை கால்களைப் பிடித்திருந்தேன். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி நடந்தவளை நெஸ்தோர் மறித்தார். "குடுத்தவங்க சாப்பிடாம நாங்க யாரும் வாய்ல வைக்கக் கூடாது, மானா."

இஞ்சி, பப்பாளிக்காய், முருங்கைக் கீரை போட்டுச் சேவல் கொதித்துக்கொண்டிருந்தது. பலகையில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்களின் தோள் இடித்தது. எலும்பு கடிக்கத் தெரியாத இஞ்சினியரை யாரோ கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். செவெரோ போன பிறகு நான் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. முதல் வாயை மெல்லாமல் வெகுநேரம் வைத்திருந்தேன். இரண்டாவது இறங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. கிண்ணம் காலியானால் எழுந்து வீட்டுக்குப் போகவேண்டும்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்று கிண்ணத்தை நீட்டினேன்.

நெஸ்தோர் என் முகத்தைப் பார்க்காமல் அகப்பையைக் கவிழ்த்தார். குழம்போடு கழுத்துத் துண்டு வந்து விழுந்தது.