மேசையில் ஒரு டப்பா

அன்றைக்கு நான் உள்ளே போகாமலே இருந்திருக்கலாம். வாசலில் நின்றபடி சாப்பாடு ஆறுகிறது என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். போனதும் போனேன், மேசையை எதற்குப் பார்த்தேன்? பார்த்ததும் பார்த்தேன், அப்போதே எதற்குக் கேட்காமல் வந்தேன்?

ஆர்லீன் இதை நினைத்துக்கொண்டே கணவனின் தட்டில் இருந்த மான்கறியைத் துண்டு துண்டாக நறுக்கினாள். வெண்டலின் இடது கை பெரிய வெள்ளைப் பொட்டலம்போல மேசைமேல் கிடந்தது. அதில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இனி இல்லை.

"பல்லு முளைக்காத குழந்தைக்கா நறுக்குற?" என்றான் வெண்டல். "போனது விரல். பல்லெல்லாம் இருக்கு."

"வாய் இருக்குன்னு தெரியுது."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு கண்வரை போகாமல் நின்றுவிடுவதை இந்த மூன்று வாரமாக அவள் கவனித்துவருகிறாள்.

வேட்டைக்காலம் தொடங்கவிருந்த சமயம். ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் சுடுகளத்தில், வீட்டில் தானே நிரப்பிய தோட்டாக்களை அவன் சுட்டுப்பார்க்கப் போயிருந்தான். முதல் தோட்டாவிலேயே ரைபிள் அவன் கையில் வெடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. மிசூலா ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "இரும்பு மட்டம். குழாய்ல விரிசல் இருந்திருக்கு" என்பதுதான். ஆர்லீன் தலையசைத்தாள். அந்த நேரத்தில் வேறென்ன செய்வாள்? ஆனால் அந்தத் தலையசைப்பை அவன் எடுத்து வைத்துக்கொண்டான். நர்ஸிடம், நண்பர்களிடம், தொலைபேசியில் பேசிய மகளிடம், "ஆர்லீனுக்குத் தெரியும், நான் எவ்வளவு கவனமா இருப்பேன்னு" என்று சொல்லிச் சொல்லி, அவளை அறியாமலே அவளைத் தன் சாட்சியாக்கிவிட்டான்.

அவளுக்குத் தெரிந்தது வேறு. விபத்துக்கு முந்தைய நாள் மாலை, அவன் தோட்டா நிரப்பும் கொட்டகைக்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது, மேசையில் இரண்டு வெடிமருந்து டப்பாக்கள் இருந்தன.

இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் அப்படி ஒரு மேசை உண்டு. சுட்ட பித்தளைக் கூடுகளை எறியாமல் பொறுக்கி வந்து, துடைத்து, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப்பு பதித்து, மருந்து நிரப்பி, குண்டு செருகி மறுபடியும் தோட்டாவாக்குவார்கள். குளிர்காலத்தில் சிலர் சீட்டாடுவார்கள், சிலர் இதைச் செய்வார்கள். கைத்துப்பாக்கி மருந்து சட்டென்று எரிவது. ரைபிள் மருந்து நின்று எரிவது. முன்னதைப் பின்னதன் அளவுக்கு நிரப்பினால் எந்த இரும்பும் தாங்காது. அதனால்தான் ஒரு விதி. ஒரு வேலை முடிந்து அந்த டப்பாவை அலமாரியில் ஏற்றிய பிறகே அடுத்ததை இறக்க வேண்டும். சங்கத்துச் சுவரில் அந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியவன் வெண்டல்: மேசையில் ஒரு டப்பா. ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாகக் கற்க வருபவர்களுக்கு வகுப்பெடுப்பவனும் அவன்தான்.

அவர்கள் வீட்டில் மருந்து வெண்டலுடையது, ஈயம் ஆர்லீனுடையது. கல்யாணமான புதிதிலேயே அப்படிப் பிரிந்துவிட்டது. டயர் கடையிலிருந்து பழைய ஈயச் சக்கர எடைகளை வாளியில் வாங்கிவந்து, உருக்கி, மெழுகு போட்டுக் கிளறிக் கசடை வழித்து, அச்சில் ஊற்றுவாள். அச்சு சூடேறாதபோது குண்டு சுருங்கிப் பிறக்கும். சூடு கூடினால் பனி படர்ந்ததுபோல வெளுக்கும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதத்தில் விழும் குண்டுகளின் பளபளப்பைப் பார்த்தால் அவளுக்கு நாள் முழுவதும் மனம் லேசாக இருக்கும். ஈயத்தில் தப்பு நடந்தால் மறுபடி உருக்கிக்கொள்ளலாம். அந்த மன்னிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. மருந்தை அவள் தொட்டதில்லை. தொடாதவள் கேட்கவும் கூடாது என்று யாரும் சொல்லவில்லைதான். ஆனாலும் அன்று கேட்காமல் வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை சங்கத் தலைவர் கர்டிஸ் வந்தார். பூட்ஸ் பனியை வாசலில் தட்டிவிட்டு, மனைவி கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்குக் கறித்தட்டோடு உள்ளே நுழைந்தார்.

"எட்டு விரல் வாத்தியாரே, சௌக்கியமா?"

"வாய்யா. தட்ட வச்சுட்டுப் போயிடு, மூஞ்சியப் பார்த்தா பசி போயிடும்."

"ஆர்லீன், இவனுக்குக் கையிலதான அடி? நாக்குல ஒண்ணும் படலையே?"

"படல. படும்னு காத்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஆர்லீன் காபி ஊற்றினாள்.

கர்டிஸ் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடுப்பின் அருகே உட்கார்ந்தார். கொஞ்சநேரம் பனியைப் பற்றிப் பேசினார். யாரோ பெரிய கொம்புள்ள மானைக் கோட்டைவிட்டதைப் பற்றிப் பேசினார். பிறகு, "துப்பாக்கிக் கம்பெனிக்காரன் பதில் போட்டானா?" என்றார்.

"போடுவான். இரும்பு அவனது. பதில் சொல்லித்தான ஆகணும்."

"அது சரி. நம்ம பசங்க என்னமோ பேசிக்கிறாங்க."

"என்னத்த?"

"மருந்து மாறியிருக்குமோன்னு. நான் சொல்லலப்பா. பசங்க."

வெண்டலின் கழுத்தில் சிவப்பு ஏறுவதை ஆர்லீன் பார்த்தாள்.

"அந்தச் சுவத்துல எழுதிப் போட்டது யாரு?"

"நீதான்."

"அப்புறமென்ன? சனிக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லு. அதே டப்பா, அதே மருந்து, அஞ்சு தோட்டா. எல்லார் கண்ணு முன்னாடியும் சுட்டுக் காட்டுறேன். குடு, உன் ரைபிளயே குடு."

"என்னுதா? உன் தோட்டாவ என் துப்பாக்கில போட மாட்டேன்டா. என் அண்ணன் நிரப்பினதையே போட மாட்டேன். கோவிச்சுக்காத, அது உனக்கே தெரியும்."

அது மரியாதைக் குறைவல்ல, இங்கே வழக்கம். ஒருவர் நிரப்பியதை இன்னொருவர் சுடுவதில்லை. ஆனால் அன்றைக்கு அந்தச் சொல் அறைக்குள் வேறுமாதிரி விழுந்தது.

"அப்ப எங்க அப்பாவோட பழைய ரைபிள் இருக்கு" என்றான் வெண்டல்.

"கயிறு கட்டித் தள்ளி நின்னு இழுத்துச் சுடு. அதுல என்ன குறைஞ்சிடப்போற?"

"கயிறு கட்டினா நானே நம்பலன்னு ஆயிடாதா? தோள்ல வச்சுதான் சுடுவேன்."

வழியனுப்பப் போன ஆர்லீனிடம், வண்டிக் கதவைத் திறந்தபடி கர்டிஸ் குரலைத் தாழ்த்தினார். "நீ அன்னைக்கு ஏதாவது பார்த்தியாம்மா?"

"சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனேன்" என்றாள்.

அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தாலாவது, சொன்னோம் என்று ஒரு பக்கம் நின்றிருக்கலாம். இது எந்தப் பக்கமும் இல்லை. வண்டி வளைவில் மறையும்வரை அவள் குளிரில் நின்றாள்.

வெண்டல் வலி மாத்திரை போட்டுத் தூங்கிய பிறகு கொட்டகைக்குப் போனாள். ரைபிள் மருந்து டப்பாவை அலமாரியிலிருந்து இறக்கினாள். அதைத் தொடுவது இதுதான் முதல் தடவை. தான் பார்க்கக் கூடாத ஒரு சட்டைப்பைக்குள் கைவிடுவதுபோல இருந்தது. காகிதத் தட்டு ஒன்றில் கொஞ்சம் கொட்டி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். கருமையாய், நறுக்கிய பென்சில் முனைபோலக் குட்டிக் குட்டிக் குச்சிகள். நடுவில் இங்கொன்று அங்கொன்றாகத் தட்டையான செதில்கள், மிளகுத்தோல்போல. கைத்துப்பாக்கி மருந்து.

எப்படி நடந்திருக்கும் என்று அவளுக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. கைத்துப்பாக்கி வேலை முடியுமுன்பே ஆர்வத்தில் ரைபிள் டப்பாவையும் இறக்கியிருக்கிறான். அளவைக் குடுவையில் மீந்த செதில் மருந்தை அதன் டப்பாவில் கொட்டுவதாக நினைத்து, பக்கத்திலிருந்த இதில் கொட்டிவிட்டான். பிறகு இதிலிருந்தே குடுவையை நிரப்பினான். மேலே கிடந்தது முதலில் இறங்கியது. முதல் தோட்டா முழுக்க அதுதான்.

அப்படியானால் டப்பாவில் மிச்சமிருப்பது பெரும்பாலும் நல்ல மருந்து. சனிக்கிழமை ஐந்து தோட்டாவும் ஒழுங்காகவே சுடப்படலாம்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வெடித்தால் அவன் முகம் போகும், உயிரும் போகும். அந்தப் பயம் அவளுக்கு முன்பே பழகியிருந்தது. வெடிக்காமல் போனால் என்ன என்பதை இப்போதுதான் யோசித்தாள். எல்லாரும் அவன் முதுகில் தட்டுவார்கள். வசந்தத்தில் அவன் அந்தச் சுவரின்கீழ் நின்று, சத்தியமாக நம்பிக்கொண்டு, இரும்பு மட்டம் என்று புதியவர்களுக்குச் சொல்வான். தான் தப்பு செய்யமாட்டோம் என்று நம்புகிற கை அந்தக் குடுவையை மறுபடி எடுக்கும். அவளும் பக்கத்திலேயே ஈயம் உருக்கிக்கொண்டிருப்பாள்.

டப்பாவைக் கொட்டிவிடலாமா? பழைய மருந்தைப் புல்லில் தூவிவிடுவது வழக்கம்தான், நல்ல உரம். ஆனால் தூவினால், என் நியாயத்தை என் பொண்டாட்டி பனியில் கொட்டிவிட்டாள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பான். அவளுக்கு அவன் உயிரும் வேண்டும், அவன் உண்மையாகவும் இருக்க வேண்டும். இரண்டும் கேட்பது பேராசையோ என்று தோன்றியது. டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள். தட்டை மட்டும் ஒரு மூடி போட்டு எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் வெண்டல் கொட்டகைக்குக் கூப்பிட்டான். ஒற்றைக் கையால் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தான். கேப்பு பதித்த ஐந்து கூடுகள், அவள் வார்த்த ஐந்து குண்டுகள், தராசு. மேசையில் ஒரே ஒரு டப்பா. அது அவ்வளவு ஒழுங்காக நடுவில் நின்றதைப் பார்த்ததும் அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது.

"உக்காரு. குண்டு செருக ரெண்டு கை வேணும். அளவு நான் சொல்றேன், நீ பண்ணு."

"மருந்து உன்னுது."

"இன்னிக்கு ஒரு நாள்."

அவள் உட்கார்ந்தாள். மூடியை எடுத்துத் தட்டை அவன்முன் நகர்த்தினாள். "இதப் பாரு, வெண்டல். அந்த டப்பாவுல இருந்து எடுத்தது."

அவன் பார்த்தான். கண் தட்டில் ஒரு கணம் நின்றது. அவனுக்குத் தெரியாமலிருக்க வழியே இல்லை; குச்சியையும் செதிலையும் இந்த ஊருக்கே பிரித்துக் காட்டியவன் அவன். பிறகு கண்ணை எடுத்துச் சுவரில் வைத்தான்.

"தூசி."

"தூசியில்ல."

"உன்ன யாரு இதத் தொடச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"கர்டிஸ் சொன்னானா?"

"அன்னைக்குச் சாயங்காலம் மேசையில ரெண்டு டப்பா இருந்துச்சு. நான் பார்த்தேன். அப்பவே கேட்டிருக்கணும்."

பக்கத்து வீட்டில் யாரோ பனி வழிக்கும் சத்தம் கேட்டது. வெண்டல் தட்டை ஓரமாகத் தள்ளினான்.

"ஒரு தடவை நீ ஈரமான எடைய ஈயப் பானைக்குள்ள போட்டு, உன் கையெல்லாம் ஈயம் தெறிச்சுதே, ஞாபகமிருக்கா?" என்றான் மெல்ல. "எண்ணெய் தெறிச்சிருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை விட்டிருப்பேனா?"

"விடல."

"அதத்தான் நானும் கேக்குறேன். வேறென்ன கேட்டேன்?"

அவன் சொன்னது உண்மை. அந்த இரவு அவன்தான் குளிர்ந்த நீரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவளைவிட அவன்தான் அதிகம் நடுங்கினான். கடனைத் திருப்பிக் கேட்பவன் குரல் இல்லை இது. பயந்துபோனவன் குரல். சங்கத்துச் சுவரும், வகுப்பும், வாத்தியார் என்ற பெயரும் போனால் இந்தக் கையோடு தான் யார் என்று தெரியாத பயம். ஆஸ்பத்திரியில் தலையசைத்தபோது இந்தப் பயத்துக்குத்தான் அசைத்தாள். அப்போது அது அன்பென்று தோன்றியது.

"கர்டிஸ்கிட்ட நீயே சொல்லு" என்றாள். "நான் கூட வர்றேன். பக்கத்துலயே நிக்கிறேன்."

"என்னன்னு சொல்றது? சுவத்துல எழுதினவனே கோட்டை விட்டான்னா?"

"ஆமா."

"சிரிப்பானுங்க."

"கொஞ்ச நாள் சிரிப்பாங்க."

அவன் வலது கையால் ஒரு கூட்டை எடுத்து, குண்டு செருகும் பிரஸ்ஸில் நிறுத்தினான். கட்டுப்போட்ட கையால் குண்டை அதன் வாயில் பிடித்துப் பார்க்க முயன்றான். குண்டு நழுவி மேசையில் உருண்டது. மறுபடி எடுத்தான். மறுபடி நழுவியது. இந்த வாரங்களில் அவன் நழுவவிட்ட ஸ்பூனையும் பொத்தானையும் சாவியையும் கேட்காமலே எடுத்துக் கொடுத்துப் பழகிய அவள் விரல்கள் தாமாகவே அசைந்தன. அவற்றை மடியில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள்.

"மருந்த நானே ஒரு கையால அளந்துக்கிறேன்" என்றான் வெண்டல், அவளைப் பார்க்காமல். "நீ குண்ட மட்டும் பிடி, ஆர்லீ. பிடிச்சா போதும்."

"மாட்டேன்" என்றாள்.

அதைச் சத்தமில்லாமல்தான் சொன்னாள். எழுந்து போகவும் இல்லை.