பால் டீச்சரின் பால்

பிரசவ வார்டில் அந்த நர்ஸுக்குப் பட்டப்பெயர் பால் டீச்சர். புட்டியோடு வந்த எந்த மாமியாரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் திரும்பியதில்லை. தாய்ப்பாலில் இல்லாத சத்தே கிடையாது என்று அவள் அடித்துச் சொன்னால் டாக்டர்களே வாயை மூடிக்கொள்வார்கள். அவளுடைய பாடத்துக்கு நிரந்தர உதாரணம், அவளைப் பெற்ற தாய்தான். "எங்கம்மா சோம்பேறி. எனக்கு டப்பாப் பாலைக் கரைச்சு ஊத்தினவங்க" என்பாள், சாப்பாடு கொண்டுவந்த அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அம்மா சிரித்து மழுப்பிவிடுவாள்.

டீச்சருக்கே ஒரு மகள் பிறந்தாள், நாள் நிறைவதற்குள் அவசரப்பட்டுக்கொண்டு. ஒரு சொட்டு டப்பாப் பால் படாமல் தேற்றிக் காட்டுகிறேன் என்று டீச்சர் சவால் விட்டாள். வீடு வந்து சில வாரங்களில் குழந்தையின் வாயைச் சுற்றிச் சிவந்து தடித்தது. பிறகு டயப்பர் கட்டும் இடத்தில் தோல் உரிந்தது. டீச்சர் அசரவில்லை. வார்டில் சொல்லும் கைவைத்தியப்படி தன் பாலையே பீய்ச்சிப் புண்ணில் தடவினாள். புண் தாராளமாகப் பரவியது. குழந்தை எடை ஏறவில்லை, ஓயாமல் அழுதது. பாலை நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து அவள் நாளைக் கடத்த, அம்மாதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்; டீச்சர் பின்னாலேயே போனாள்.

குழந்தை டாக்டர் டீச்சரின் ரத்தத்தையும் பாலையும் சோதித்தார்.

"பால்ல ஜிங்க் சத்து ரொம்பக் கம்மி. உங்க ரத்தத்துல இருக்கு, பாலுக்குள்ள போகமாட்டேங்குது. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி. நிறைமாசக் குழந்தை வயித்துல சேர்த்துவெச்சதை வெச்சுக் கொஞ்சம் சமாளிக்கும். இவ சேர்க்கிறதுக்குள்ள வந்துட்டா. ஜிங்க் சொட்டு மருந்து குடுங்க, சீக்கிரமே ஆறிடும். பாலை நிறுத்தவே வேண்டாம்."

டீச்சருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதியை அவமானம் பிடித்துவைத்துக்கொண்டது.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்றார் டாக்டர்.

அம்மா முந்தானையைத் திருகினாள். "இவளுக்கே கைக்குழந்தையில இருந்துச்சு டாக்டர். வாயைச் சுத்தி இதே புண்ணு. டப்பாப் பாலுக்கு மாத்தினேன், ஆறிப்போச்சு."

வெளியே வந்ததும் டீச்சர் கேட்டாள், "ஏம்மா சொல்லல? சோம்பேறி சோம்பேறின்னு உன் மானத்தை வாங்கினேனே."

"சோம்பேறின்னா சொல்லிட்டுப் போ. என் பால்ல விஷம் இருக்குன்னு நினைச்சேன்டி. அதை நான் பெத்த பொண்ணுகிட்ட எந்த வாயால சொல்றது?"

டீச்சர் நடுவழியில் நின்று விம்மி விம்மி அழுதாள். அம்மா பதறிப்போனாள்.

"அழாதடி. பால் வத்திடப் போகுது."